ஏழைக்குச் சொரணை இல்லையா?

2025 மே 3 சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) 97 இடங்களில் 87ஐப் பிடித்ததிலிருந்து என் நண்பர் ஒருவர் போகிற இடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடுகிறார். "அரசு கொடுத்த 800 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டுக்கு விலைபோன சனம். ஓரறை வாடகை வீட்டில் கிடப்பவனுக்கே கோபம் வரவில்லை என்றால் இந்த ஊரில் புரட்சி எங்கேயிருந்து வரும்?" இதை அவர் சொந்தக் கொண்டோவில், அதாவது வசதியானவர்கள் வாழும் தனியார் அடுக்குமாடியில், உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். (இந்தப் பதிவை அவர் படிப்பார். படிக்கட்டும்.)

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் ஏழைக்குச் சொரணை இல்லை என்று சொன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்தப் புலம்பல் ஒன்றும் புதிதில்லை. 1874இல் ரஷ்யாவில் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் குடியானவர் வேடம் போட்டுக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள், ஜாருக்கு எதிராகச் சனத்தைக் கிளப்ப. கிராமத்தார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்; சிலரைப் போலீசிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். சே குவேரா 1967இல் பொலிவியக் காட்டில் மாதக்கணக்கில் அலைந்தும் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர்கூட அவர் படையில் சேரவில்லை. 1953 நிலச் சீர்திருத்தத்திலேயே அந்த நாட்டுக் குடியானவர்களுக்கு நிலம் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அப்படியானால் குடியானவர்கள் எப்போதும் இப்படித்தானா? இல்லையே. 1917இல் அதே ரஷ்யக் குடியானவர்களின் பேரப்பிள்ளைகள் பிரபுக்களின் நிலத்தை யாரையும் கேட்காமல் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கண்ணெதிரே நிலம் இருந்தது, தடுக்க ஆள் இல்லை.

நம் ஆட்கள் கதையும் இதுதான். தஞ்சைப் பண்ணையாட்கள் மார்க்ஸைப் படித்துவிட்டா செங்கொடி பிடித்தார்கள்? தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நிற்க வேண்டும், கூலி நெல் கூட வேண்டும், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பண்ணையாள் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பண்ணையார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். தோற்றால் யார் வீடு எரியும் என்பது ஏழைக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மலாயாவைப் பாருங்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை பிரிட்டிஷ் ஆட்சி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டது. தோட்டத் தமிழர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் கம்யூனிஸ்டுகளோடு ஆயுதம் எடுத்துக் காட்டுக்குள் போனவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடு யாருடையது என்று யோசித்தார்களா தெரியவில்லை. வேலை போனால் அன்றைக்கே கூரையும் போகும், பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையில் இருக்கிற ஆள் துரையை எதிர்த்துச் சங்கத்தில் பெயர் கொடுத்ததே பெரிய காரியம் என்பேன்.

சிங்கப்பூரும் சாதுவான ஊராக இருந்ததில்லை. 1955இல் ஹோக் லீ பேருந்துக் கம்பெனித் தொழிலாளர் கலவரம். துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலைநிறுத்தம் செய்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1966இல் இடதுசாரி எதிர்க்கட்சியான பாரிசான் சோசியலிஸ் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவித்தது. எதிர்பார்த்த சனம் தெருவுக்கு வரவில்லை. 1963 பிப்ரவரியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் பேசினால் அது நேர்மையில்லை. ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் கம்பத்து வீடுகளை இழந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கிவிட்டன. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது, 1968இலிருந்து சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியை (மசே நிதி) கொண்டே வீடு வாங்கலாம். சொந்த வீடு இருக்கிறவன் ஊரைக் கொளுத்த மாட்டான் என்ற கணக்கு அன்றைய பிரதமர் லீ குவான் இயூவுக்கு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. கம்பத்தில் மழைக்கு ஒழுகிய கூரைக்குக் கீழே வாழ்ந்த ஒரு தாய் அந்த வீட்டுச் சாவியை வாங்கியதை "விலைபோனாள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, இன்றைக்கு இந்த ஊரில் கூரை சொந்தமில்லாதவர்கள் யார்? வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதித் தம்பிகள். வேலை பெர்மிட் போனால் படுக்கையும் போகும். அந்தக் காலத்து லயம்தான், மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

நம் ஆட்கள் கூடும் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழக்கமான புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் சொன்னது இது. அவர் கம்பெனியில் இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் மனைவியின் நகை அடகில் இருக்கிறது, வட்டி ஓடுகிறது. "புகார் குடுங்க தம்பி" என்றேன், சட்டம் தெரிந்த ஆள் மாதிரி. சிரித்தார். "குடுக்கலாம்ணே. மறுநாளே பெர்மிட்ட கட் பண்ணிட்டா வட்டிய நீங்களா கட்டுவீங்க?" அப்புறம் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாடித்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அன்று காலை லாரி வந்து நின்றது, யாரும் ஏறவில்லை. ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்குத் தலைசுற்றல். கலவை வண்டிகள் கிளம்பிவிட்டன, கலவை இறுகினால் கம்பெனிக்கு எவ்வளவு நட்டம் என்பது கம்பியைக் கட்டிய அவர்களுக்குத் தெரியாதா? பத்து மணிக்கெல்லாம் சூப்பர்வைசர் போனில் முதலாளியைப் பிடித்தார். சாயங்காலம் ஒரு மாதச் சம்பளம் வந்தது, மீதி அடுத்த வாரம். முழக்கம் இல்லை, தலைவர் இல்லை, அதனால் பழிவாங்கவும் ஆள் அகப்படவில்லை.

இந்த மூளையைத்தான் நண்பர் சொரணை கெட்டது என்கிறார்.

இலங்கையைச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் 2022 ஜூலையில் அந்நாட்டு அதிபர் கோத்தபய ஓடிவந்து இறங்கியது நம் சாங்கி விமான நிலையத்தில்தான்; பதவி விலகல் கடிதமும் இங்கிருந்துதான் போனது. அவரைத் துரத்திய கூட்டத்தில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்று நொந்த நடுத்தர வர்க்கம் நிறைய. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, கொழும்பில் போராட்டம் நடந்த காலிமுகத்திடலுக்கு வந்தவர்கள் குறைவு. ஒரு நாள் கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைய கூலி கிடையாது, கொழும்புக்குப் பஸ் காசு வேறு. ஆனால் இடதுசாரிக் கட்சியான ஜேவிபியைப் பாருங்கள். 1971இலும் 1987 முதல் 89 வரையிலும் துப்பாக்கி எடுத்தபோது பல்லாயிரம் உயிர் போனதுதான் மிச்சம். அதே கட்சி தலைமை தாங்கிய கூட்டணி 2024 நவம்பரில் 225இல் 159 இடம் பிடித்தது, தமிழர் வாழும் யாழ்ப்பாணமும் மலையகத்து நுவரெலியாவும் உட்பட. இந்த முறை ஏழையிடம் கேட்டது ஓட்டுச்சீட்டில் ஒரு புள்ளடி மட்டும். போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடலாம்.

தோட்டத்துச் சனம் இப்போது தினக்கூலியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அது சரியாக வரவில்லை என்றால் அடுத்த தடவை இந்த ஆட்சியையும் இறக்கிவிடுவார்கள், நம் நண்பரிடம் யோசனை கேட்காமலே.