கல்லாவில் உட்கார்ந்தால் வியாபாரிதான்

1992-இல் ஒரு வியாபாரி மும்பையிலிருந்து தார் எஸ் சலாமுக்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் சாயப்பொடி அனுப்பினார். சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்து அதனால் கெட்டுப்போனது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். தாமதமே இல்லை என்றோ, இவ்வளவுதான் நஷ்டஈடு என்றோ விமான நிறுவனத்தார் வாதாடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நாங்கள் எத்தியோப்பிய அரசின் நிறுவனம், சிவில் நடைமுறைச் சட்டம் 86-ஆம் பிரிவின்படி உங்கள் மத்திய அரசு எழுத்தில் சம்மதம் தராமல் எங்கள்மேல் வழக்கே போட முடியாது என்றார்கள்.

மாநில ஆணையம் சரி என்றது, தேசிய ஆணையம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் வியாபாரி பக்கம் முடிவு சொன்னபோது வருடம் 2011. சாயப்பொடி கெட்டதா இல்லையா என்பதற்கு அல்ல, புகாரை விசாரிக்கலாமா என்பதற்கே இத்தனை வருடம்! நுகர்வோர் சட்டமும் விமானப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கும்போது 86 குறுக்கே வராது, வணிகம் செய்துவிட்டு அரசு என்ற பாதுகாப்பைக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு முழுச் சம்மதம். தூதரகம் வேறு, டிக்கெட் கவுன்டர் வேறு.

அமெரிக்காவிலும் 1976 முதல் இதற்குத் தனிச் சட்டம் உண்டு, வெளிநாட்டு அரசாக இருந்தாலும் வணிக நடவடிக்கைக்கு வழக்கிலிருந்து விலக்குரிமை இல்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாப் பெண் ஒருவர் அமெரிக்க முகவரிடம் இணையத்தில் ஐரோப்பிய ரயில்களில் போவதற்கான யூரெயில் பாஸ் வாங்கிக்கொண்டு போய், 2007-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நிலையத்தில் ரயில் ஏறும்போது தண்டவாளத்தில் விழுந்தார். இரண்டு காலும் போயிற்று. ஆஸ்திரிய அரசு ரயில்வேமீது தன் ஊரில் வழக்குப் போட்டால், விபத்து நடந்தது ஆஸ்திரியாவில், டிக்கெட் விற்றதை மட்டும் வைத்து இங்கே வர முடியாது என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடு தேடி வந்து விற்கத் தெரிந்தவர்களுக்கு வீடு தேடி வந்து பதில் சொல்லவும் தெரிய வேண்டாமா?

அப்புறம் நம் ஆன்ட்ரிக்ஸ். இஸ்ரோவின் வணிகக் கை. தேவாஸ் என்ற நிறுவனத்தோடு போட்ட செயற்கைக்கோள் ஒப்பந்தத்தை ரத்து செய்ததற்கு நடுவர் மன்றம் விதித்த 56.25 கோடி டாலரை வசூலிக்க அமெரிக்காவில் வழக்கு. வழக்கு நடத்த அமெரிக்காவோடு நிறுவனத்துக்குப் போதிய தொடர்பு இருக்க வேண்டும் என்று அந்த 1976 சட்டம் கேட்கவில்லை என்று 2025 ஜூனில் அங்கே தீர்ப்பு வந்தது. சாயப்பொடிக்காரருக்குக் கை தட்டிவிட்டு இதற்கு மட்டும் முகம் சுளிக்கிறேனோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஒப்பந்தம் போட்ட இரண்டு நிறுவனங்களுமே பெங்களூருதான், கல்லா அமெரிக்காவில் இல்லை.