போர்நிறுத்தத்தில் நாள்கணக்கும் பிணையும்

எங்கேனும் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டால் மறுநாளே ‘முதலில் மீறியது யார்’ என்ற சர்ச்சை கிளம்பிவிடுகிறது. அதற்கு முன் கேட்கவேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன்: எந்தத் தரப்பு எதை எந்த நாளுக்குள் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் எதை இழக்கும்? கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் இதைக் கேட்பது பொருத்தமே. நாம் வாழும் பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்), அப்படிப்பட்ட ஓர் உடன்பாட்டின் ஷரத்தாகக் கைமாறிய நிலம்.

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுடன் திப்பு சுல்தான் செய்துகொண்ட முதற்கட்ட உடன்பாட்டில், ராஜ்யத்தில் பாதியைக் கொடுப்பது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்துவது, கைதிகளை விடுவிப்பது ஆகியவை நிறைவேறும்வரை அவருடைய மகன்கள் இருவர் பிணையாக இருக்கவேண்டும் என்று எழுதப்பட்டது. பிள்ளைகளை ஒப்படைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. ‘பாதி’ எது என்று பட்டியல் போட்டபோது அதில் குடகும் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டு திப்பு கொதித்தார். முற்றுகை மீண்டும் தொடங்கிவிடும் என்ற நிலை வந்தது. மார்ச்சில் இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போக, கேப்டன் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். பிள்ளைகள் தந்தையிடம் திரும்பியது 1794இல்தான். சிறுவர்களை ஈடு வைத்த அந்த ஏற்பாட்டை என்னால் மெச்ச முடியாது. ஆனால் மீறலுக்கு அங்கே ஒரு விலை இருந்தது.

2002 பிப்ரவரியில் நார்வேயின் அனுசரணையுடன் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கையில் அப்படி விலை என்ற ஒன்றே கிடையாது. நாள்கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. இரு தரப்புப் படைகளும் தாம் பிடித்துவைத்திருந்த வழிபாட்டுத் தலங்களை 30 நாளுக்குள்ளும் பள்ளிக் கட்டடங்களை 160 நாளுக்குள்ளும் விட்டு வெளியேறவேண்டும். தமிழ்த் துணை ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாளுக்குள் அரசு களையவேண்டும். யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி ஏப்ரலில் திறந்தது. அதாவது, இரு தரப்புக்கும் ஆதாயம் தந்தவை ஓரளவு நடந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் ராணுவம் தன்வசம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் சிக்கிய வீடுகளுக்கு மக்கள் திரும்பும் பேச்சு வந்ததும், புலிகள் ஆயுதங்களைக் களைந்தால்தான் அது முடியும் என்று ராணுவம் நிபந்தனை போட்டது. புலிகள் அதை ஏற்கவில்லை. தன் கடமையை எதிர்த்தரப்பின் கடமைக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் இந்தப் பழக்கமே எந்த உடன்படிக்கையையும் அரிக்கிறது என்பது என் எண்ணம்.

உடன்படிக்கையைக் கண்காணித்த, நார்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்களுக்கு விசாரித்துத் தீர்ப்பு எழுதும் அதிகாரம் இருந்ததே தவிர, யாரையும் தடுக்கும் அதிகாரம் இல்லை. 2007 ஏப்ரல் வரை புலிகள் 3,830 முறையும் அரசு 351 முறையும் மீறியதாக அவர்கள் பதிந்தார்கள். புலிகளின் கணக்கில் சிறார் ஆட்சேர்ப்பே முதலிடம் பிடித்தது. தமிழர் தரப்பில் நின்று பேசுகிற நாம் அதைச் சொல்லாமல் நழுவுவது நேர்மையாகாது. அதேபோல, வெறும் எண்ணிக்கையைக் காட்டி அரசைக் குற்றமற்றதாக்கவும் முடியாது. விமானக் குண்டுவீச்சும் ஒரு பிள்ளையைப் பிடித்துச் செல்வதும் பட்டியலில் ஆளுக்கொரு வரிதான். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், அதன் உறுப்பு நாட்டினர் கண்காணிப்பில் இருக்கக்கூடாது என்று புலிகள் சொன்னார்கள். டென்மார்க், பின்லாந்து, சுவீடன் நாட்டினர் வெளியேற, நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின.

உடன்படிக்கையிலிருந்து விலக 14 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. 2008 ஜனவரி 2ஆம் தேதி அரசு விலகலை அறிவித்தது, 16ஆம் தேதி உடன்படிக்கை முடிந்தது. அந்த ஒரு ஷரத்து மட்டும் நாள் பிசகாமல் நிறைவேறியது.