காட்பாடி மேல் பறந்த குட்டி விமானம்: வாட்ஸ்அப் தகவல் தவறு

"லைசென்ஸ் இல்லாத மாணவன் தனியாக விமானம் ஓட்டுகிறான், வழிதவறி வேலூரைச் சுற்றுகிறான், பகிருங்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. மாணவர் தனியாகப் பறப்பது சட்டவிரோதம் என்ற அதன் அடிப்படையே தவறு.

பயிற்சி மாணவருக்கும் லைசென்ஸ் உண்டு. 16 வயது நிரம்பியவருக்கு மாணவர் விமானி உரிமம் கிடைக்கும். பயிற்றுநர் அனுமதித்தால் தனியாகப் பறக்கலாம். பயணிகளை ஏற்றக் கூடாது. ஊர்விட்டு ஊர் பறக்க, குறைந்தது 10 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். தேர்வுகளிலும் தேறியிருக்க வேண்டும். வணிக விமானி ஆக, 300 கடல் மைல், அதாவது சுமார் 556 கிலோமீட்டர் பறந்து, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கியாக வேண்டும். இவையெல்லாம் விமான விதிகள் 1937, இரண்டாம் அட்டவணையில் உள்ளன. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

வட்டமடித்தாலே வழிதவறியதாக அர்த்தமில்லை. மாணவர் மடியில் வரைபடத்தை வைத்து, கீழே தெரியும் அடையாளங்களோடு கடிகாரத்தையும் ஒப்பிட்டுத்தான் பறப்பார். காட்பாடியில் பிரியும் தண்டவாளங்கள், கோட்டை அகழி, பாலாற்று மணல் (தண்ணீர்தான் பெரும்பாலும் இருக்காது, மணல் பட்டை மேலிருந்து பளிச்சென்று தெரியும்!) எல்லாம் அதற்கு வசதி. சந்தேகம் வந்தால் ஒரு சுற்று சுற்றி உறுதிசெய்துகொள்வதும் உண்டு.

அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். குரூப் அட்மின்கள் நீக்கிவிடுங்கள். புகையோ தடுமாற்றமோ கண்ணால் பார்த்தால் 112-க்குச் சொல்லுங்கள்.