பதினேழாவது கேள்விக்குச் சிரித்தவர்களுக்கு

நான் வெப்சைட் கட்டித் தருகிறவன். புதுத் தளம் கேட்ட ஒரு நண்பர், நான் அவருக்கு அனுப்பிய கேள்விப் பட்டியலைப் படம் பிடித்து, கிண்டலாகப் பொதுவில் போட்டுவிட்டார். நேற்றிலிருந்து அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கே அனுப்பி "இது நீங்கதானே?" என்று கேட்டவர்கள் 11 பேர். ஆமாம், நான்தான். அந்த 42 கேள்விகளும் நான் எழுதியவைதான். என் பெயரை மறைத்துப் போட்டிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் கேள்விக்குக் கேள்வி சிவப்பு வட்டம் போட்டு, மேலே "வெப்சைட் கேட்டால் விசாரணைக் கமிஷன் வைக்கிறார்கள்" என்று தலைப்பும் கொடுத்தால், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியாமலா போகும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இல்லை. (கோபம் இல்லை என்று ஆரம்பிக்கும் பதிவுகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன். சரி, கொஞ்சம் இருக்கிறது.)

அதிகம் பேர் சிரித்தது 17-ஆவது கேள்விக்கு. "உங்கள் அலுவலக மின்னஞ்சல் யாருடைய சேவையில் ஓடுகிறது? அதன் அட்மின் கணக்கு யாரிடம் இருக்கிறது?" வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்க, கீழே ஒருவர் "அடுத்து பீரோ சாவி கேட்பார்கள்" என்று எழுத, அந்த ஒரு கமெண்டுக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் சிரிப்பு பொம்மை. சாவி கேட்கவில்லை ஐயா. சாவி யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம். ஒரு சிறிய நிறுவனத்துக்குப் புதுத் தளம் கட்டிக் கொடுத்தேன். எல்லாம் முடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் நேம்சர்வரை (தளத்தின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு வழி சொல்லும் கணினியை) மாற்றினேன். காலையில் பார்த்தால் தளம் ஜம்மென்று திறக்கிறது. எனக்கு ஒரே பெருமை. விஷயம் என்னவென்றால், ஒரு டொமைனின் (தளத்தின் பெயர்) டிஎன்எஸ்ஸில், அதாவது அதன் வழிகாட்டிப் பதிவேட்டில், வெப்சைட் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவு, மெயில் எங்கே போக வேண்டும் என்பதற்கு வேறொரு பதிவு இருக்கும். இரண்டாவதை எம்எக்ஸ் என்பார்கள். நேம்சர்வரை மாற்றும்போது பழைய பதிவுகள் தாமாகக் கூடவே வந்துவிடாது. ஒவ்வொன்றாகக் குறித்து வைத்து, புதிய இடத்தில் நாம்தான் சேர்க்க வேண்டும். நான் வெப்சைட்டுக்கானதை மட்டும் சேர்த்திருந்தேன்.

இரண்டரை நாள் அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. முதல் நாள், "அப்பாடா, இன்றைக்குத் தொல்லை குறைவு" என்று சந்தோஷமாக இருந்தார்களாம். மூன்றாம் நாள் ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்து, இரண்டு மெயில் போட்டும் பதில் வராததால் ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைதான் 17-ஆவது கேள்வி. சிரியுங்கள்.

அடுத்து சிவப்பு வட்டம் போட்டது 9-ஆவது கேள்விக்கு: "பழைய தளத்தில் எந்தப் பக்கங்கள் வழியாக வாடிக்கையாளர் விசாரணைகள் வருகின்றன?" அதற்கு அவர் எழுதியது, "பழைய தளமே வேண்டாம் என்றுதானே புதுசு கேட்கிறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய தளம் வேண்டாம் என்பது உங்களுக்கு. கூகுளுக்கும், அந்தப் பக்கத்தை நாலு வருடம் முன்னால் சேமித்து வைத்த வாடிக்கையாளருக்கும் அது தெரியாதே.

வேறொருவர் கட்டிய தளத்தைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள் ஒருமுறை. இயந்திரங்களுக்கான உதிரி பாகம் விற்கும் நிறுவனம். புதுத் தளம் திறந்து ஆறு வாரம். பார்க்கப் பளபளவென்று இருந்தது, போன்தான் அடிக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால், பழைய தளத்தில் ஒரு அளவு அட்டவணை இருந்திருக்கிறது. எந்த மாடலுக்கு எந்த பேரிங், எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு நீளமான, அசிங்கமான பக்கம். தேடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தில்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். அட்டவணையைப் பார்த்து, சந்தேகம் கேட்கப் போன் செய்து, அப்படியே வாங்கியிருக்கிறார்கள். டிசைனர் "இது தளத்தின் அழகைக் கெடுக்கிறது" என்று தூக்கிவிட்டார். பழைய முகவரிக்குப் போனால் 404, அதாவது "அப்படி ஒரு பக்கமே இல்லை".

அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி, பழைய முகவரிகளை எல்லாம் ஒரு எக்செல் தாளில் வரிசையாகப் போட்டு, எது எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் வைத்தோம். 301 என்றால் "நிரந்தரமாக வீடு மாறிவிட்டோம், புது முகவரி இது" என்று உலவிக்கும் தேடுபொறிக்கும் சொல்வது. அதைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்று கூகுளே சொல்கிறது. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் தளத்தை மாற்றும்போது முதலில் முகவரியைத்தான் மாற்றுகிறோம்.

இந்த எக்செல் தாளைத் தயாரிக்க எனக்கு நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. "இன்னும் ஒன்றும் நடக்கவில்லையா?" என்று மெசேஜ் மட்டும் வரும்.

"பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கின்றன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக: பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், அமேசானின் தொழில்நுட்பத்தில் ஓடிய பழைய தளத்தை விட்டுவிட்டு 2014 பிப்ரவரியில் சொந்தமாகப் புதுத் தளம் திறந்தது. செலவு 15 கோடி பவுண்டு. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் வெளியான காலாண்டுக் கணக்கில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்திருந்தது. புதுத் தளம் நிலைகொள்ளும் காலத்தின் விளைவு என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அத்தனை காசும் ஆளும் உள்ளவர்களுக்கே "பழைய ஆட்கள் உள்ளே எப்படி வருவார்கள்?" என்பது அந்தப் பாடு படுத்தியது. என் பட்டியலில் அது 12-ஆவது கேள்வி. அதற்கும் வட்டம் உண்டு.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

"சிறு தொழிலுக்கு 42 கேள்வியா?" நியாயம். ஒரு பக்கத் தளத்துக்குப் பதினைந்து போதும், அதற்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். ஆனால் நண்பர் கேட்டது ஒரு பக்கத் தளமா? 180 பொருட்கள், இரண்டு மொழி, ஆன்லைனில் பணம் கட்டும் வசதி, வியாபாரிகளுக்குத் தனி விலை. இதை அந்தப் பதிவில் அவர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்க மாட்டேன், அது 43-ஆவது கேள்வி ஆகிவிடும்.

"சின்னதாக ஆரம்பித்துப் போகப்போகத் திருத்திக்கொள்ளலாமே?" செய்யலாம். நல்ல வழிதான். எது சின்னது என்று முடிவு செய்யவும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஏஐயிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் கட்டித் தருகிறதே?" தருகிறது, நானும்தான் பயன்படுத்துகிறேன். போன வருடம் ஆரம்பித்த ஒரு நிறுவனத்துக்கு "இருபத்தைந்து ஆண்டு அனுபவம்" என்று முகப்பில் எழுதிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டித் தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள்.

"நீங்கள்தான் காசை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறீர்களே?" இதற்கு மட்டும் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். உண்மை. எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். டொமைனைத் தங்கள் பெயரில், தங்கள் கணக்கில் பதிவு செய்துவைத்து, பின்னால் சண்டை வந்தால் அதையே பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 3-ஆவது கேள்வி: "டொமைன் யார் பெயரில், யார் கணக்கில் இருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது?" உங்களைக் காப்பாற்றக் கேட்கப்பட்ட கேள்வி அது. அதற்குப் பக்கத்தில் அவர் வரைந்திருப்பது கொட்டாவி விடும் பொம்மை.

இன்னொன்று. முதல் கேள்வி, "உங்கள் தொழில் என்ன? ஒரே வரியில்." இதைப் பார்த்து, "இதுகூடத் தெரியாமலா வேலை எடுத்தார்?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அம்மா, எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்கிறேன். ஒருமுறை இரண்டு பங்குதாரர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்கினேன். ஒருவர் "நாங்கள் பொருள் விற்கிறோம்" என்று எழுதினார். மற்றவர் "நாங்கள் பராமரிப்புச் சேவை தருகிறோம், பொருள் அதற்கு ஒரு வழி" என்று எழுதினார். ஒன்பது வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தாள்களை நடுவில் வைத்தபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார்கள், நான் மூன்று காபி குடித்தேன். முகப்பில் எந்தப் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்ற சண்டை அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தச் சண்டை டிசைன் முடிந்தபின் வந்திருந்தால் எத்தனை முறை பிரித்துக் கட்டியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நிறத்துக்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை, கவனித்தீர்களா? லோகோவின் நீலம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமா என்று இதே நண்பர் என்னோடு இரண்டு வாரம் பேசினார். அலுவலகத்தின் பெரிய திரையில் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார். உங்கள் வாடிக்கையாளர் இதைப் போனில்தான் பார்ப்பார், கூகுளும் தளங்களை மொபைல் வடிவத்தை வைத்தே பட்டியலிடும் முறைக்கு மாறிவிட்டது, போனில் ஒருமுறை பாருங்கள் என்றேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றார். நீலத்துக்கு இரண்டு வாரம், போனுக்கு அப்புறம். பக்கங்களில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கும் "அப்புறம்." அதுவரைக்கும் லோரம் இப்சம் (இடத்தை நிரப்ப டிசைனர்கள் போடும் பொருளற்ற லத்தீன் வரிகள்) நிற்கட்டுமாம். அதை எழுதியவர்போல அவ்வளவு பாசம்.

எனக்கு வலிப்பது எது தெரியுமா? அந்தச் சிரிப்பு பொம்மைகள் அல்ல. ஆறு வருடப் பழக்கம். அவருடைய பழைய தளம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விழுந்தபோது, என் வேலை இல்லாதபோதும், பைசா வாங்காமல் விடியும்வரை உட்கார்ந்து எழுப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றார். யோசிக்கக் கூலி கேட்டதும் விசாரணைக் கமிஷன் ஆகிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் செய்து, "இதெல்லாம் வேண்டாமே" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே.

ஒன்றைப் பொதுவில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் திருப்பி அனுப்பிய தாளில் 3-ஆவது கேள்விக்குப் பதில் காலி. டொமைன் முடியும் தேதியை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், ரகசியம் ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பார்த்தேன். இன்னும் 19 நாள் இருக்கிறது. பதிவு செய்து கொடுத்த பழைய ஆள் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது, அதை அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். தேதியைக் குறிப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதி, உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

இன்னும் ஒற்றை டிக்கில்தான் நிற்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது போன் செய்து சொல்லிவிடுங்கள்.