துளை பொருந்தினால் மட்டும் போதாது

"4 துளை, 100 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) ஒத்துப்போனால் எந்த அலாய் வீலையும் மாட்டலாம்" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. ஆஃப்செட்டையும் பாருங்கள்; அதாவது, வீலை காரில் பொருத்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதை. அதே அகல ரிம்மில் 45க்குப் பதில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். டயரும் அகலமானால், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஃபெண்டரில் உரசலாம். நடுத்துளை வேறு இருக்கிறது: ஹப் (காரில் வீல் உட்காரும் மையப் பகுதி) 54.1 மி.மீ., வீலின் துளை 60.1 மி.மீ. என்றால் இடையில் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் ஆட வாய்ப்புண்டு.

டயர் விட்டம்? (டயரில் உள்ள 165/80 ஆர்14 என்பதில் 165 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்.) 165/80 ஆர்14-ஐக் கழற்றி 185/65 ஆர்15 போட்டால் வித்தியாசம் 2 மி.மீ.தான். 195/65 ஆர்15 என்றால் 15 மி.மீ. கூடி, ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். அப்புறம் லோடு இண்டெக்ஸ்: 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். கார் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு சமாதானம் சொன்னாலும்.