‘பாஷ்’ கப்பல் டிக்கெட்டில் பிறந்த சொல்லா?

ஆடம்பரமான, பகட்டான என்று பொருள்படும் ‘பாஷ்’ (posh) என்ற ஆங்கிலச் சொல் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ (Port Out, Starboard Home) என்பதன் சுருக்கம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை. வெயில் படாத அந்த அறைகளை எடுத்த பணக்காரர்களின் டிக்கெட்டில் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் இந்த நான்கு எழுத்தை முத்திரை குத்தியதாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. கிழக்கே போகும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு, அதனால் அங்கே நிழல் என்பதும் பொருந்தி வருகிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. இந்த விளக்கமே 1930களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சை வழக்கில் ‘பாஷ்’ என்றால் சில்லறைக் காசு. ரோமானி மொழியில் ‘பாதி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பகட்டாக உடுத்துபவரையும் அப்படி அழைத்தார்கள். இன்றைய பொருள் இவற்றிலிருந்துதான் வந்ததா என்பதை அகராதிக்காரர்கள் இன்னும் உறுதி செய்யவில்லை. ‘தோற்றம் தெளிவில்லை’ என்றே போடுகிறார்கள்.

சரிபார்ப்பது சுலபம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலோ, சொற்களின் தோற்றத்தைச் சொல்லும் இலவசமான எட்டிம்ஆன்லைன் (Etymonline) தளத்திலோ இந்தச் சொல்லைத் தேடுங்கள். ‘பஞ்ச்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழின் பழைய தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. 1918 செப்டம்பர் 25 இதழில் ஒரு கேலிச்சித்திரம்: விமானப்படை இளைஞன் ‘பாஷ்’ என்கிறான், அவன் அம்மா அப்படியென்றால் என்னவென்று கேட்கிறார். அவன் பதிலில் கப்பலே இல்லை.