ஜூலையில் மிரிஸ்ஸாவுக்குப் போய்விட்டுக் கடலைத் திட்டுகிறார்கள்

நம்ம ஊர்ப் பசங்க இலங்கைக்கு டூர் போய்விட்டு வந்து, கடலிலிருந்து சாப்பாடு வரைக்கும் திட்டிப் போட்ட அந்த வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும். முழுசாகப் பார்த்துவிட்டேன். "இலங்கை சுத்த வேஸ்ட், இதுக்கு நம்ம பெசன்ட் நகரே மேல்" என்று முடிகிறதே, அதேதான்.

அவர்கள் போனது ஜூலையில், இலங்கையின் தெற்குக் கரையில் இருக்கும் மிரிஸ்ஸாவுக்கு. கதை அங்கேயே முடிந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் தெற்கையும் மேற்கையும்தான் நேராக அடிக்கும். மிரிஸ்ஸா, உனவட்டுன, ஹிக்கடுவ, பெந்தோட்டை எல்லாமே அப்போது கொந்தளிக்கும். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கும் மிரிஸ்ஸாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன். அதே ஜூலையில் கிழக்கே நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம் மாதிரி கிடக்கும். பாசிக்குடாவில் ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கிழக்குக் கரைக்கு மழைக்காலம் நவம்பர், டிசம்பர், ஜனவரி. வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நடந்து பழகிய சென்னைக்காரர்களுக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

"லீவு கிடைக்கும்போதுதானே போக முடியும்?" சரி, நியாயமான கேள்வி. மே மாதம்தான் லீவு என்றால் மே மாதம் கிழக்கே திருகோணமலைக்குப் போங்கள். கொழும்பிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் முதல் நாளைப் பயணத்துக்கே விட்டுவிடுங்கள். கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறை என்று மூன்று நாள் தாராளமாக ஓடும். தீவு எங்கேயும் ஓடிப்போகவில்லை. எந்தக் கரை, எந்த மாதம் என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

வீடியோவில் அந்த லைஃப்கார்டு விசில் ஊதிய இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருப்பாக இருக்கிறது. நம்ம ஆட்கள் "இங்க அலையே இல்ல மச்சி" என்று நேராக அதற்குள் இறங்குகிறார்கள். கரையில் ஏறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடுவதே அந்த வழியாகத்தான். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கை ஓய்ந்துதான் ஆள் முழுகுவது. மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரையேற வேண்டும். அந்த மனுஷன் விசில் ஊதியது இவர்கள் உயிருக்கு. அவருக்கு இவர்கள் வைத்த பெயர் "சீன் பார்ட்டி".

சாப்பாட்டுக்கு வருவோம். "இடியாப்பம், ஆப்பம், எல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு." அப்படியா? அங்கே சிவப்பரிசி மாவு இடியப்பத்துக்கு ஊற்றுகிற சொதியை இங்கே எந்தக் கடையில் குடித்தீர்கள்? தேங்காயின் தண்ணிப் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு வேகவிட்டு, கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றி ஒரு கொதி வரும் முன்பே இறக்க வேண்டும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரிந்து போகும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சைவக்காரர்களுக்குச் சிக்கல் உண்டு. எங்கள் அபார்ட்மென்ட் மாமி ஒருத்தர் தேங்காய்ச் சம்பலை இரண்டு தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் அதில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பது தெரிந்து அன்றைக்குப் பூராவும் பேசவே இல்லை. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மாசி போடாமல்" என்று கேட்க வேண்டும். சிங்களப் பகுதியில் "உம்பலகட எப்பா" என்றால் புரிந்துகொள்வார்கள். ஆட்டோக் கட்டணம் பற்றிய புகாரும் சரிதான், ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆனால் பௌர்ணமி அன்று பீர் கிடைக்கவில்லை என்று கத்தியது? ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை, மது விற்க மாட்டார்கள். காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் மூடினால் முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கத் தெரிகிறது இல்லையா?

"காசு கொடுத்துப் போறவன் குறை சொல்லக் கூடாதா?" சொல்லுங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதே என்று கோயில்காரர் கெஞ்சியதையும் காமெடி மியூசிக் போட்டுக் குறையாகச் சேர்த்திருக்கிறீர்களே, அதற்குத்தான் கேட்கிறேன். தோளும் முழங்காலும் மறைத்து, தொப்பியும் செருப்பும் கழற்றிவிட்டு வா என்பது அவ்வளவு பெரிய கொடுமையா? யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அங்கே இவர்கள் போகாததே நல்லது.

உண்மையில் எனக்கு வலித்தது கடலும் இல்லை, பீரும் இல்லை. அந்தக் கொத்துரொட்டிக் கடை அக்கா தமிழில் "சாப்பிட்டீங்களா தம்பி" என்று கேட்கிறார். அதற்கு ஸ்லோ மோஷன் வைத்து, அவர் பேச்சை அப்படியே இழுத்து இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிக்கிறீர்கள். அதற்கும் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் நண்பர்கள் பாதிப் பேர்.

"நீ என்ன, அந்த நாட்டு டூரிசம் ஏஜென்டா?" இந்தக் கமெண்ட் வரும், தெரியும். வாருங்கள். முதல் வரியில் எந்த மாதம், எந்தக் கரைக்குப் போனீர்கள் என்று மட்டும் எழுதிவிட்டு அப்புறம் திட்டுங்கள்.